நீல எனாமல் தண்ணீர்க் குடுவையில் ஆங்கில 'சி' (C) எழுத்துக்குள் அம்புக்குறி: எந்த நாட்டு ராணுவம்?

'பிரிட்டிஷ் ராணுவக் குடுவை' என்று சொல்லி விற்கப்பட்ட பழைய குடுவையில் இந்த முத்திரை இருக்கிறது என்கிறீர்கள். அது கனடா ராணுவத்தின் குடுவை. 'சி'க்குள் அகன்ற அம்புக்குறி என்பது அவர்கள் முத்திரை.

விற்றவர் "பிரிட்டிஷ்" என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நீல எனாமல், கம்பளி உறை, தக்கை மூடி எல்லாம் பிரிட்டிஷ் மாதிரிதான். இரண்டாம் உலகப் போரில் அதே வடிவத்தைப் பல நாடுகள் செய்தன. அம்பின் இரு பக்கமும் 'டி' (D) இருந்தால் ஆஸ்திரேலியா, அடியில் 'ஐ' (I) இருந்தால் இந்தியா.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். தென்னாப்பிரிக்க முத்திரை 'யு'வுக்குள் (U) அம்பு. குடுவையைத் திருப்பிப் பிடித்தால் அது அப்படியே 'சி' போலத் தெரியும்! அம்பு நுனியை மேலே வைத்துப் பாருங்கள்: வளைவு வலப்பக்கம் திறந்திருந்தால் கனடா, மேலே திறந்திருந்தால் தென்னாப்பிரிக்கா.

அப்புறம், தோள்பட்டை வாரில் உள்ள ஆண்டை நம்பி குடுவையின் வயதை முடிவு செய்யாதீர்கள். வாரும் தக்கையும் அடிக்கடி மாற்றப்பட்டவை. முத்திரையைத் தேடிக் கம்பளியை மட்டும் தயவுசெய்து பிரிக்காதீர்கள். பழைய தையல் ஒருமுறை விட்டுப்போனால் மறுபடி அப்படி அமையாது.