இரண்டு கதவு கார், 35 லட்சம் கடன்

கேள்வி: வயது 41. மடிப்பாக்கத்தில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். வரியெல்லாம் போக மாதம் 4.5 லட்சம் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 62,000, குடும்பச் செலவு 1.48 லட்சம், எஸ்ஐபி (மாதாமாதம் ஃபண்டில் போடுவது) 1 லட்சம். ஸ்போர்ட்ஸ் கூபே, அதாவது இரண்டு கதவு கார், வாங்க வேண்டும் என்பது கல்லூரி நாள் ஆசை. நான்கு வருடம் ஓடிய ஜெர்மன் கார் ஒன்று 60 லட்சத்துக்கு வந்திருக்கிறது, புதுச்சேரி பதிவு. மியூச்சுவல் ஃபண்டிலிருந்து 25 லட்சம் எடுத்து, மீதிக்குக் கடன் வாங்கலாமா? கிளினிக் பெயரில் வாங்கினால் வரி மிச்சம் என்கிறார் நண்பர்.

பதில்: ஆசையைக் குறை சொல்ல மாட்டேன் டாக்டர். அதிகாலை ஐந்தரை மணிக்கு ஈசிஆரில் அப்படி ஒரு காரில் ஒருமுறை நானும் உட்கார்ந்து போயிருக்கிறேன். தரையை ஒட்டி உட்கார்ந்திருக்கும் அந்த உணர்வு, வளைவில் கொஞ்சமும் சாயாத உறுதி, இதெல்லாம் செடானில் கிடைக்காது. பழையதாகப் பார்த்ததும் சரிதான். காப்பீட்டுக் கணக்கில் நாலாவது வருட முடிவுக்குள் காரின் மதிப்பில் 40 சதவீதம் கழிந்துவிடும். அந்த அடி முதல் உரிமையாளர் தலையில் விழுந்தாயிற்று.

ஆனால் 35 லட்சம் கடன் என்ற இடத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. வட்டி 10.5 சதவீதம், ஐந்து வருடம் என்று வைத்தால் தவணை சுமார் 75,200. வட்டி மட்டுமே 10 லட்சம் தாண்டுகிறது. இதற்கு மேல் காரை ஓட்டும் செலவு: காப்பீடு, சர்வீஸ், பெட்ரோல், டயர் எல்லாம் சேர்த்து வருடம் 5 லட்சம் ஒதுக்குங்கள். நகர நெரிசலில் லிட்டருக்கு ஆறேழு கிலோமீட்டர்தான் கிடைக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் பின் டயர் இரண்டை மட்டும் மாற்ற 80,000 கொடுத்துவிட்டு, அன்று மாலை முழுக்க யாரிடமும் பேசவில்லை. ஆக, மாதம் 1.17 லட்சம். உங்களிடம் இப்போது மிஞ்சுவது 1.40 லட்சம். மீதி 23,000 ரூபாயை வைத்துக்கொண்டு கிளினிக்கில் எக்ஸ்ரே மெஷின் பழுதானால் என்ன செய்வீர்கள்?

ஃபண்டை எடுக்கும்போது ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டின் லாபத்தில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 12.5 சதவீதம் வரி உண்டு. அதனால் 25 லட்சம் கையில் நிற்க அதைவிடக் கூடுதலாகவே எடுக்க வேண்டியிருக்கும்.

நண்பர் சொல்வது பாதி உண்மை. தொழிலுக்கு ஓடும் காருக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம் (மதிப்புக் குறைவு) என்று வருமானத்தில் கழிக்கலாம். சொந்த உபயோகப் பங்கைக் கழிக்க முடியாது. பல் மருத்துவருக்குத் தொழில் நிமித்தம் கூபே எதற்கு என்று வரி அதிகாரி கேட்டால் பதில் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பெயரில் வாங்கினால், விற்கும்போது வரும் நஷ்டத்தை எந்த லாபத்தோடும் ஈடு கட்ட முடியாது.

புதுச்சேரி பதிவைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 2023 நவம்பர் முதல் ஆயுள் வரி 20 சதவீதம். பாண்டி நம்பர் பிளேட் இங்கே இத்தனை ஓடுவதன் ரகசியம், அங்கே இந்த வரி குறைவு என்பதுதான். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்து ஓட்டினால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றியாக வேண்டும். காரின் வயதுக்கேற்ற வரியும் கட்ட வேண்டும். ஆர்டிஓவில் அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு, விலையில் கழித்துப் பேசுங்கள்.

வீட்டில் வேறு கார் இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. பின் இருக்கைக்குப் போக முன் இருக்கையைச் சாய்த்து நுழைய வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மா ஏறவே மாட்டார். கதவும் நீளம். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பக்கத்துக் கார் ஒட்டி நின்றால் நீங்களே இறங்க முடியாது. இது இரண்டாவது காராக மட்டுமே சரிப்படும்.

என் யோசனை: கட்ட நினைத்த அந்த 75,000 ரூபாயை மூன்று வருடம் ஆர்டியில் (வங்கியில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். 7 சதவீத வட்டியில், வட்டிக்கான வரிக்கு முன், 30 லட்சத்தை நெருங்கும். ஃபண்டின் 25 லட்சத்தையும் சேர்த்து, அந்தத் தொகைக்குள் கடனில்லாமல் ஒரு கார் பாருங்கள். நடுவில் இரண்டு மாதம் ஆர்டி கட்டத் திணறினால், தவணையும் அப்படித்தான் திணறியிருக்கும் என்று தெரிந்துவிடும்.

மடிப்பாக்கம் என்பதால் இன்னொன்று. 2024 அக்டோபரில் மழை வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தினார்களே, நினைவிருக்கும். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து உடைத்தால் சாதாரண பாலிசி கொடுக்காது. எஞ்சின் பாதுகாப்பு இணைப்பைத் தனியாக எடுக்க வேண்டும். எப்போது வாங்கினாலும், விற்பவர் எதிரிலேயே சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால், வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம்; விலை பேசாமல் வந்துவிடுங்கள்.