சர்க்கரை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது? உறுப்பினர்களின் கேள்விகளும் பதில்களும்

உணவுப் பொருள் தொழிற்சாலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதாலும், நானே மாவுச்சத்தை, அதாவது சர்க்கரையும் ஸ்டார்ச்சும் அடங்கிய கார்போஹைட்ரேட்டை, குறைத்து உண்பவன் என்பதாலும், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் மருத்துவன் அல்லன் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சர்க்கரையையும் இனிப்பு வகைகளையும் அடியோடு விட்டு இரண்டு மாதங்கள் ஆகின்றன. முதலில் இறங்கிய எடை இப்போது அப்படியே நிற்கிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்: எப்போதாவது உண்பவற்றை விட்டுவிட்டு, அன்றாடம் தவறாமல் வாய்க்குள் போகும் பொருள்களிலிருந்து தொடங்குங்கள். பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை இயற்கையாகவே இருக்கிறது. ஆகவே ஒரு கோப்பைக்கு 100 மில்லி பால் என்ற கணக்கில் நாளைக்கு நான்கு முறை காபி அருந்துகிறவருக்கு, ஒரு துளி சர்க்கரை போடாமலேயே 20 கிராம் சேர்ந்துவிடுகிறது. நாள் முழுவதற்கும் 20 முதல் 50 கிராம் வரை மட்டுமே மாவுச்சத்து என்று கட்டுப்பாடு வைத்திருப்பவருக்கு இது சிறிய தொகை அன்று.

அடுத்ததாக, தொட்டுக்கொள்ளும் சாஸ் வகைகள். தக்காளி கெட்சப்பை ஒரு மேசைக்கரண்டி எடுத்து வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன்; 17 கிராம் காட்டியது. அதில் சுமார் 4 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு, சர்க்கரை. பிறகு, வழக்கமாகத் தட்டோரத்தில் பிழிந்துகொள்ளும் அளவைப் பிழிந்து நிறுத்தேன். மூன்று மேசைக்கரண்டிக்குச் சற்று மேலேயே வந்தது. புளிப்பும் உப்பும் முன்னால் நிற்பதால் நாக்கு அந்த இனிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: நான் வாங்கும் சூப் பொடியின் லேபிளில் "சர்க்கரை 1 கிராம்" என்று இருக்கிறது, ஆனால் மொத்தக் கார்போஹைட்ரேட் 60 கிராமுக்கு மேல் காட்டுகிறது. மீதி எங்கே போயிற்று?

பதில்: எங்கும் போகவில்லை, உங்கள் குடலில்தான் குளுக்கோஸாக மாறப்போகிறது. லேபிளில் "சர்க்கரை" என்ற வரியில், ஓரலகு அல்லது ஈரலகு கொண்ட எளிய சர்க்கரைகளை மட்டுமே எழுதுவார்கள். ஸ்டார்ச்சும் மால்டோடெக்ஸ்ட்ரினும் நீண்ட சங்கிலிகள் என்பதால் அந்த வரிக்குள் வருவதில்லை.

இவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரினைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சோளம், உருளைக்கிழங்கு போன்றவற்றின் ஸ்டார்ச்சை நொதிகளால் துண்டு துண்டாக உடைத்து உண்டாக்கும் வெண்ணிறப் பொடி அது. சுவையூட்டிகளைத் தாங்கிப் பிடிக்கவும், பொடிக்குக் கனம் கொடுக்கவும் சேர்க்கப்படுவதால், சூப் பொடி, புரதப் பொடி, நொறுக்குத் தீனிகளின் மேலே தூவும் மசாலா என்று எங்கும் காணலாம். அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் இனிப்பு பெரும்பாலும் தெரியாது; ஆனால் அதன் கிளைசமிக் குறியீடு, அதாவது ரத்தச் சர்க்கரையை எந்த அளவுக்கு ஏற்றுகிறது என்பதைக் காட்டும் எண், சாதாரணச் சர்க்கரையினுடையதைவிட அதிகம். ஆகவே "சர்க்கரை" வரியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மொத்தக் கார்போஹைட்ரேட் வரியைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உட்பொருள் பட்டியலில் எந்தெந்தப் பெயர்களைத் தேட வேண்டும்?

பதில்: சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ், மால்டோஸ் என்று "ஓஸ்" ஒலியில் முடிபவை எளிதில் கண்ணில் படும். குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், சோளச் சிரப், அரிசிச் சிரப், பார்லி மால்ட், அகாவே, பழச்சாற்றுச் செறிவு, கரும்புச் சாற்றுப் பொடி ஆகியவையே எளிதாக நழுவிப் போகும்.

பெயரைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது வரிசையை. உட்பொருள்களை எடையின் இறங்குமுகத்தில் எழுத வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளின் விதி. ஓட்ஸ் பார் ஒன்றில் 100 கிராமுக்கு ஓட்ஸ் 28, சர்க்கரை 10, குளுக்கோஸ் சிரப் 9, தேன் 7, பழச்சாற்றுச் செறிவு 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலின் தலையில் ஓட்ஸ் கம்பீரமாக நிற்கும். ஆனால் பின்னால் வரும் நான்கையும் கூட்டினால் 31. ஒரே பெயரில் எழுதியிருந்தால் சர்க்கரைதான் முதலிடத்தில் வந்திருக்கும். பல வகை இனிப்புகளைக் கலப்பதற்குப் பதம், ஈரப்பதம், நிறம் என்று உண்மையான தொழில்நுட்பக் காரணங்களும் உண்டு என்பதை நான் மறுக்க மாட்டேன். எனினும் பட்டியல் அழகாகத் தெரிகிறது என்பதை விற்பனைப் பிரிவினர் அறியாமல் இல்லை.

கேள்வி: "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

பதில்: எழுதியது உண்மையாகவே இருக்கும், ஆனால் பொருளுக்குள் ஏற்கெனவே இருப்பதைப் பற்றி அந்த வாசகம் எதுவும் சொல்வதில்லை. எதுவும் சேர்க்காத ஆரஞ்சுச் சாறு 200 மில்லியில் 17 முதல் 20 கிராம் வரை சர்க்கரை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், தேன், சிரப் ஆகியவற்றோடு பழச்சாற்றின் சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டிய பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது.

ஓட்ஸ் பால் இன்னும் வேடிக்கையானது. ஓட்ஸைத் தண்ணீரில் கரைத்து நொதி சேர்க்கும்போது அதன் ஸ்டார்ச் உடைந்து மால்டோஸாக மாறுகிறது. யாரும் சர்க்கரைப் பையைத் திறக்கவில்லை, ஆனாலும் பானம் இனிக்கிறது. பாதாம் பால் வாங்குவோர், இனிப்பூட்டப்படாதது என்று வெளிப்படையாக எழுதியிருப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். "ஒரிஜினல்" என்ற சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை.

கேள்வி: சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. தேனில் 100 கிராமுக்கு 80 கிராமுக்கு மேல் சர்க்கரைதான்; எஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீர்.

கேள்வி: சிறு பொட்டலங்களில் வரும் செயற்கை இனிப்பூட்டியையும், சர்க்கரையற்ற சாக்லேட்டையும் பயன்படுத்துகிறேன். இவற்றிலும் பிழை உண்டா?

பதில்: சுக்ரலோஸ் போன்றவை மிகச் சிறிய அளவிலேயே கடும் இனிப்பைத் தருவதால், பொட்டலத்தை நிரப்புவதற்கு டெக்ஸ்ட்ரோஸோ மால்டோடெக்ஸ்ட்ரினோ சேர்ப்பது வழக்கம். ஒரு கிராம் பொட்டலத்தில் பெரும்பகுதி அதுவாகவே இருக்கலாம். அமெரிக்காவில் ஒரு பரிமாறும் அளவுக்கு அரை கிராமுக்குக் குறைவான சர்க்கரை இருந்தால் "சர்க்கரையற்றது" என்றும், 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் கலோரியே இல்லை என்றும் எழுத இடமுண்டு. ஆகவே பரிமாறும் அளவு சிறிதாக இருக்கும் பொருளில் பூஜ்யம் என்பது உண்மையில் பூஜ்யமாக இருக்க வேண்டியதில்லை. நாளைக்கு ஒன்றிரண்டு என்றால் பொருட்படுத்த வேண்டாம். பத்து என்றால் சொட்டு மருந்து போல வரும் திரவ வடிவத்துக்கு மாறுங்கள். எடைக் கட்டுப்பாட்டுக்காகச் சர்க்கரையற்ற இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்ததையும் சொல்லிவைக்கிறேன்.

சாக்லேட்டில் இனிப்புக்காகச் சர்க்கரை ஆல்கஹால் என்னும் மாற்று இனிப்பூட்டிகளைச் சேர்ப்பார்கள்; பார்க்க வேண்டியது அவற்றில் எது என்பதை. எரித்ரிட்டாலின் பெரும்பகுதி சிறுநீரில் அப்படியே வெளியேறிவிடுகிறது; மால்ட்டிட்டாலோ சர்க்கரையின் கலோரியில் ஏறத்தாழ பாதியைத் தருவதோடு, ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். ஒரு முழுப் பட்டையையும் ஒரே மூச்சில் தின்றால் வயிறும் தன் பங்குக்குப் பேசும்.

கேள்வி: நார்ச்சத்தை மொத்தக் கார்போஹைட்ரேட்டிலிருந்து கழிக்க வேண்டுமா?

பதில்: லேபிள் எந்த நாட்டு முறைப்படி எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. அமெரிக்க லேபிளில் மொத்தத்துக்குள் நார்ச்சத்தும் அடங்கும், கழிக்கலாம். ஐரோப்பிய லேபிளில் அது முன்பே விலக்கப்பட்டிருக்கும். அங்கே மறுபடியும் கழித்தால் இல்லாத சலுகையை உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்கிறீர்கள்.

கேள்வி: பதப்படுத்திய இறைச்சியில் டெக்ஸ்ட்ரோஸ் என்று இருக்கிறது. தூக்கி எறிந்துவிடவா?

பதில்: வேண்டாம். பதப்படுத்தும்போது உப்பின் கடுமையைத் தணிக்கச் சிறிதளவு சேர்ப்பார்கள். 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் 1 கிராம் அளவில் இருந்தால் கவலை இல்லை. தேன் பூசியது, பார்பிக்யூ சுவை கொண்டது என்றால் கதை வேறு.

கேள்வி: இருமல் மருந்து குடித்த வாரத்தில் என் ரத்தச் சர்க்கரை ஏறியிருந்தது. மருந்து காரணமாக இருக்குமா? நான் நீரிழிவுக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவன்.

பதில்: காய்ச்சலும் தொற்றுமே ரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியவை என்பதால் மருந்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனால் பழைய முறையில் தயாராகும் சிரப்புகளில் எடைக்குப் பாதியோ அதற்கு மேலோ சர்க்கரை இருப்பது உண்டு. மூடியைச் சுற்றி வெண்மையாகப் படிந்து உறைந்திருப்பது அதுவேதான். மெல்லும் வைட்டமின் மாத்திரைகளிலும் தொண்டைக்குச் சப்பும் மாத்திரைகளிலும் இதே நிலை. மருந்தை நீங்களாக நிறுத்திவிடாமல், சர்க்கரையற்ற வடிவம் இருக்கிறதா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். பல மருந்துகளுக்கு இருக்கிறது.

மற்றொன்று, நீங்கள் கேட்காதது. மாவுச்சத்தைக் கணிசமாகக் குறைக்கும்போது பழைய அளவிலேயே மாத்திரையோ இன்சுலினோ தொடர்ந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். சில வகை மாத்திரைகளோடு மிகக் குறைந்த மாவுச்சத்து உணவு சேர்ந்தால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடிவிடும் கீட்டோஅசிடோசிஸ் என்னும் ஆபத்தான நிலையும் உண்டாகலாம். ஆகவே உணவுமுறையை மாற்றியிருப்பதை உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லி, மாத்திரையின் பெயரையும் அளவையும் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.