தென்னந்தோப்பில் கல்யாண அரங்கு: வேலையை இப்போதே விடலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது, கணவருக்கு 44. இருவரும் சென்னையில் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். மகன் எட்டாம் வகுப்பு. ஆனைமலை அருகே அப்பா விட்டுச்சென்ற 5 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது, இப்போது குத்தகையில். சேமிப்பு 60 லட்சம். வரும் ஏப்ரலில் இருவரும் வேலையை விட்டுவிட்டு, தோப்பில் 400 பேர் அமரும் திறந்தவெளிக் கல்யாண அரங்கும் 6 அறைகளும் கட்டி, விவசாயத்தையும் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டம். மாதம் 6 நிகழ்ச்சி என்று கணக்குப் போட்டிருக்கிறோம். சரியாக வருமா?

பதில்: முதலில் அந்த மாதம் 6 என்ற எண்ணைப் பார்ப்போம். ஆண்டுக்கு 72 ஆகிறது. எக்ஸெல் தாளுக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. அந்த இரண்டு மாதமும் கல்யாணம் இல்லை. புரட்டாசியில் பெரும்பாலானோர் வைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் உண்டு, கூடவே வடகிழக்குப் பருவமழையும் உண்டு. திறந்தவெளியை நம்பி யாரும் முன்பணம் தரமாட்டார்கள்.

தை முதல் வைகாசி வரையை விட்டால், மிச்சம் ஆனியும் ஆவணியும். இங்கேதான் உங்கள் ஊரின் சங்கதி வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்தச் சமயத்தில் சும்மா இருக்காது, தூறலையும் சேர்த்துக் கொண்டுவரும். உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அழகுக்கு இல்லை. என் தோப்பில் அண்ணன் மகள் சீருக்கு ஆனி மாதத்தில் ஷாமியானா போட்டோம். பந்தல்காரர் ஆணி அடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் திரும்புவதற்குள் ஷாமியானா பக்கத்துக் காட்டில் கிடந்தது. விருந்தை மாட்டுச்சாளையில்தான் வைத்தோம்.

ஆக, கூரை இல்லாத அரங்குக்கு நம்பிக்கையான காலம் தை முதல் வைகாசி வரைதான். அதிலும் சித்திரையில் சாயங்கால இடிமழை உண்டு. ஒரு மாதத்தின் நல்ல முகூர்த்தங்கள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். அதில் ஞாயிற்றுக்கிழமையில் விழுவது ஒன்றோ இரண்டோ. முதல் ஆண்டில் பத்து நிகழ்ச்சி கிடைத்தாலே நன்றாகப் போகிறது என்பேன். ஏப்ரலில் வேலையை விட்டால் என்ன ஆகும் தெரியுமா? நீங்கள் சாமான் செட்டோடு வந்து இறங்கும்போது பருவம் பாதி போயிருக்கும், தளம் போடும்போது ஆடிக்காற்று அடிக்கும்.

சரி, தோப்பு சோறு போடுமா? 25 அடிக்கு ஒரு மரம் என்றால் ஏக்கருக்கு 70, ஐந்து ஏக்கருக்கு 350 மரம். மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய், காய் 15 ரூபாய் என்று வைத்தால் 5,25,000 ரூபாய். ஏறுகூலி, உரம், தண்ணீர் கட்டும் ஆள் எல்லாம் போகப் பாதி நின்றால் அது நல்ல தோப்பு. உங்கள் இருவரின் இரண்டு மாதச் சம்பளம்கூட அதைவிட அதிகமாக இருக்கலாம். அதுவும் மரம் நலமாக இருந்தால்தான். பொள்ளாச்சி வட்டாரத்தில் கேரள வாடல் நோய் எத்தனை தோப்புகளை வெட்ட வைத்தது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கட்டடத்துக்குக் கல் இறக்குவதற்கு முன்னால் ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் சொல்லி, தோப்பில் எத்தனை மரம் நோய்ப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். நிழலைக் காட்டித்தான் அரங்கை வாடகைக்கு விடப் போகிறீர்கள். மரம் போனால் நிழலும் போயிற்று.

விவசாயத்தையும் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் பலர் சறுக்குகிறார்கள். தோப்பும் அரங்கும் ஒரே நிலத்தில் நடக்கும் இரண்டு தொழில்கள். ஒன்றுக்கு வேண்டிய தண்ணீரையும் ஆளையும் நாளையும் மற்றது பிடுங்கும். உதாரணம் சொல்கிறேன். சுருள் வெள்ளை ஈ நம் நாட்டில் முதலில் கண்ணில் பட்டதே 2016இல் பொள்ளாச்சியில்தான். அது ஓலையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சி, சர்க்கரைத் தண்ணீர் மாதிரி ஒன்றைக் கீழே சொட்டும். அதன்மேல் கரும்பூசணம் படரும். விவசாயிக்கு அது மகசூல் பிரச்சினை. உங்களுக்கோ, பட்டுப்புடவையிலும் வெள்ளை மேசைத்துணியிலும் காரின் மேலும் பிசுபிசு. விருந்துக்கு முதல் நாள் மருந்தடிக்கவும் முடியாது. மஞ்சள் ஒட்டுப்பொறி, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது, வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவி என்று ஆண்டு முழுக்கப் பார்த்துவந்தால்தான் கட்டுக்குள் இருக்கும்.

காய் விழுவதையும் மறக்காதீர்கள். மரத்தடியில் நாற்காலி போடுவது படத்துக்கு நன்றாக இருக்கும், தலைக்கு நல்லதல்ல. காய் வெட்டு வழக்கமாக 45 நாளுக்கு ஒருமுறை வரும். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரத்தில் ஒரு வெட்டு அமைகிற மாதிரி நாள் குறியுங்கள். காய்ந்த மட்டையையும் அப்போதே இறக்கிவிடலாம்.

அப்புறம் கார். 400 பேர் வந்தால் 80 முதல் 100 கார் வரை நிற்கும். திருப்பும் இடத்தையும் சேர்த்து ஒரு காருக்கு 270 சதுர அடி வைத்தால், 100 காருக்கு 62 சென்ட். மரங்களுக்கு நடுவில் விடலாமே என்று தோன்றும். தென்னையின் உயிர்வேர் பெரும்பாலும் அடிமரத்தைச் சுற்றி ஆறடிக்குள் இருக்கிறது. அங்கே டயர் ஏறி மண் இறுகினால், இரண்டு மூன்று ஆண்டில் காய் சிறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு ஓரத்து ஏக்கரைத் தனியாக ஒதுக்குவதே மேல்.

இனி காகிதங்கள். வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதம். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றிதழ் வாங்கி, உடன்பிறந்தவர்கள் இருந்தால் பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிவு செய்து, பெயர் மாற்றுங்கள். குத்தகைக் காகிதத்தை எடுத்துப் படியுங்கள். காய் பறித்துக்கொள்ளும் மகசூல் குத்தகை என்றால் தவணை முடிந்ததும் தீர்ந்தது. நிலத்தை உழுது பயிரிடும் குத்தகை என்று எழுதியிருந்தால், 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். வக்கீலைப் பார்க்காமல் குத்தகைதாரரிடம் 'காலி செய்யுங்கள்' என்று வாய் திறக்க வேண்டாம்.

புல வரைபடத்தை வைத்துப் பாதையை அளந்து பாருங்கள். உங்கள் தோப்புக்கு இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவில் போகும் குறுகிய மண்பாதை, வழியாகத்தான் போக வேண்டும் என்றால், கல்யாண பஸ் வராது, தீயணைப்பு வண்டியும் வராது. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் பொதுக் கட்டட உரிமம் எதிர்பார்க்க முடியாது. விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற நகர் ஊரமைப்புத் துறை வழியாகப் போக வேண்டும். மலையடிவாரக் கிராமங்கள் சில, மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் கிராமமும் அதில் உண்டா, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தையொட்டிய சூழல் உணர்திறன் மண்டலத்துக்குள் வருகிறதா என்பதை வரைபடம் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். 'முதலில் கட்டுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் இன்ஜினியரிடம் டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.

மோட்டாருக்கு இலவச மின்சாரம் இருக்கும். அதில் ஒரு சீரியல் பல்பு போட்டாலும் தவறுதான். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் அந்தப் பயன்பாட்டுக்கு உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு. வணிக இணைப்பு தனியாக வாங்குங்கள். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் தண்ணீர் பாசனத்துக்கு மட்டும்தான். 400 பேருக்குச் சமையல், கைகழுவல், கழிப்பறை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 50 லிட்டர் வைத்தாலும் 20,000 லிட்டர். பங்குனியில் உங்கள் கிணறு அதைத் தந்துவிட்டு மரத்துக்கும் தருமா என்று இந்தக் கோடையிலேயே இறைத்துப் பாருங்கள்.

வரியில் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது: தோப்பில் வருவதெல்லாம் விவசாய வருமானம் என்று. தேங்காய்க்கு வருமான வரி இல்லை, அரங்கு வாடகைக்கு உண்டு. சேவை வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு, வாடகைக்கு 18 சதவீதம். விவசாயக் கடனை வாங்கி அரங்கு கட்டவும் கூடாது. விவசாய நிலத்தைத் தொழில்கடனுக்கு அடமானமாக ஏற்க வங்கிகள் தயங்கும். கடன் கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு வழிவிடும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்தைத் தொடுவதில்லை, அதனால். ஆகவே 60 லட்சத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட முதல் ஆண்டில் மண்ணில் இறக்காதீர்கள். சமையல்கூடம், கழிப்பறை, காற்றுக்குத் தாங்கும் கூரை இந்த மூன்றும் போதும். ஆறு அறைகளும் பின்னால் வரலாம். வளைகாப்பு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், பள்ளிக்கூடச் சுற்றுலா என்று நூறு பேருக்குள் நடத்திப் பாருங்கள்.

ஊரைப் பற்றி ஒன்று. மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டிவிட்டால் பல ஊர்களில் சுபகாரியம் செய்யமாட்டார்கள். வெளியூர்க் கல்யாணத்துக்கும் அது பொருந்துமா என்று முன்பதிவு எடுப்பதற்கு முன்பே பெரியவர்களிடம் கேளுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் இழவு விழுந்த அன்று உங்கள் மேடையில் பாட்டு ஓடினால், சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் ஊர் இருக்காது. ஒலிபெருக்கி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது என்று 2000ஆம் ஆண்டின் விதி சொல்கிறது. நீங்கள் 9 மணியோடு நிறுத்துங்கள்.

கடைசியாக, யார் வேலையை விடுவது? உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் கணவர்தான் முதலில் தோப்புக்கு வரத் துடிக்கிறார் போலிருக்கிறது. நான் மாற்றிச் சொல்வேன். அவர் இன்னும் இரண்டு ஆண்டு, மகன் பத்தாம் வகுப்பு எழுதும் வரை, சம்பளத்தோடு சென்னையில் இருக்கட்டும். நீங்கள் ஆறு மாத விடுப்பு கேட்டுப் பாருங்கள், தராவிட்டால் நீங்கள் மட்டும் விட்டுவிட்டுப் போங்கள், அம்மணி. தையில் போனால் நல்லது. மரமேறியும் தண்ணீர் கட்டுபவரும் உங்களை இன்னார் மகள் என்று அறிவார்கள். கணவர் வந்து நின்றால், மாப்பிள்ளை ஊர் பார்க்க வந்திருக்கிறார் என்று நாற்காலி போட்டு இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். வேலை சொன்னால் சிரிப்பார்கள்.