முதலில் ஊசியைப் பாருங்கள்: பழைய ரெக்கார்டு பிளேயர் கேள்வி பதில்

கேள்வி (ஜெலுத்தோங்): ஐயா, தாத்தா விட்டுச்சென்ற ரேடியோகிராமில் (வானொலியும் ரெக்கார்டு பிளேயரும் ஒன்றாக அமைந்த பெட்டி) வானொலி நன்றாகப் பாடுகிறது. இசைத்தட்டை வைத்தால் மட்டும் குரல் மெலிந்து, கரகரவென்று வருகிறது. ஆம்பிளிபயர் போய்விட்டதா?

பதில்: வானொலி பாடுகிறது என்றால் ஆம்பிளிபயரும் ஸ்பீக்கரும் நலமாகத்தான் இருக்கின்றன, தம்பி. அவற்றைத் தொடவே வேண்டாம். என் சந்தேகம் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் மீதுதான். 1950களில் வந்த பல கருவிகளில் ரோஷெல் உப்புப் படிகம் வைத்த கார்ட்ரிட்ஜ் இருக்கும். ஊசியின் அசைவில் படிகம் வளைந்து மின்சாரம் தரும். ஆனால் அது உப்பு. ஈரம் பட்டால் கரையும், 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் சிதைந்துவிடும். பினாங்கின் கடற்காற்றில் இத்தனை ஆண்டுகள் அது பிழைத்திருந்தால்தான் அதிசயம்.

செத்த படிகத்துக்கு மருத்துவம் இல்லை. அந்த இடத்தில் செராமிக் கார்ட்ரிட்ஜ் பொருத்துங்கள். ஈரத்தை நன்றாகத் தாங்கும். காந்தக் கார்ட்ரிட்ஜ் இன்னும் உயர்ந்தது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது தருவது சில மில்லிவோல்ட்தான். செராமிக் தருவது அதைப் போலப் பல பத்து மடங்கு. உங்கள் ரேடியோகிராம் அந்த அளவுக்காகக் கட்டப்பட்டது. ஊசியை மாற்றும்வரை தாத்தாவின் தட்டுகளை ஓட்டவேண்டாம். தேய்ந்த ஊசி தட்டின் பள்ளத்தைச் செதுக்கிவிடும். பிறகு எந்தக் கருவியில் போட்டாலும் அந்தப் பாட்டு திரும்பாது.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): லோரோங் கூலிட் சந்தையில் 78 வேகத் (நிமிடத்துக்கு 78 சுற்று) தமிழ்த் தட்டுகள் கிடைத்தன. பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம். ஸ்பிரிட் ஊற்றித் துடைக்கலாமா?

பதில்: ஸ்பிரிட்டைத் தூர வையுங்கள், அம்மா! அந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை அரக்கால் ஆனவை. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு கலந்து, மெல்லிய துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். நடுவில் ஒட்டியிருக்கும் லேபிள் நனையக் கூடாது.

அப்படியும் இரைச்சல் குறையாவிட்டால் ஊசி பொருந்தவில்லை என்று பொருள். 78 தட்டின் பள்ளம் அகலமானது. ஊசி நுனியின் ஆரம் ஏறத்தாழ 75 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வேண்டும். 33⅓ வேக எல்.பி. தட்டுக்கான ஊசிக்கு அது 18 முதல் 25 வரைதான். அந்தச் சிறு ஊசி 78 தட்டின் பள்ளத்தின் அடிக்கு இறங்கி, அங்கே படிந்த அழுக்கை உரசிக்கொண்டு போகும். பழைய கார்ட்ரிட்ஜ் பலவற்றில் இரண்டு ஊசிகளும் உண்டு. பக்கத்தில் இருக்கும் சிறு பிடியைத் திருப்பினால் மாறும்.

கேள்வி (பட்டர்வொர்த்): பெரியம்மா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பிளேயரை டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டுகிறேன். பெண் குரல்கூட ஆண் குரலாகக் கேட்கிறது.

பதில்: டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், அதிர்வெண்ணை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அந்தக் காலத்துப் பிளேயர்களில் பெரும்பாலானவற்றின் மோட்டார் அதிர்வெண்ணைப் பொறுத்தே சுற்றும். எனவே நிமிடத்துக்கு 33⅓ சுற்று வரவேண்டிய தட்டு ஏறத்தாழ 28 சுற்றோடு நின்றுவிடுகிறது. எண்ணெய் விட்டும் பெல்ட் மாற்றியும் பயனில்லை. மோட்டார் தண்டில் 50 ஹெர்ட்ஸுக்கு உரிய, சற்றே பெரிய கப்பியைப் போடவேண்டும். உங்கள் பிளேயரின் மாடல் எண்ணைச் சொல்லித் தேடுங்கள்.

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்): இடது ஸ்பீக்கர் ஊமை.

பதில்: கருவியை அணைத்துவிட்டு, பிளேயரிலிருந்து ஆம்பிளிபயருக்குப் போகும் இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமை வலது பக்கம் தாவினால் பழுது பிளேயரில். தாவாவிட்டால் ஆம்பிளிபயரையோ ஸ்பீக்கரையோ பாருங்கள்.

கேள்வி (நிபோங் தெபால்): ஊசி தாவுகிறது. ஊசியைத் தாங்கும் பிளேயர் கை மேல் பழைய 50 காசு ஒன்றை வைத்தால் சரியாகிவிடுகிறது. தொடரலாமா?

பதில்: இன்றே எடுத்துவிடுங்கள். அந்தக் காசு 9 கிராமுக்கு மேல் இருக்கும். செராமிக் ஊசிக்கே பொதுவாக 4 முதல் 6 கிராம்தான் அழுத்தம். பிளேயர் மட்டமாக நிற்கிறதா, கை தடையின்றி அசைகிறதா, அச்சில் கிரீஸ் இறுகிக் கிடக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஒரே தட்டில் ஒரே இடத்தில் மட்டும் தாவினால், பழுது அந்தத் தட்டில்தான்.