லூகாஸ் ஹைட்ஸ் உலையும் பக்கத்து வீடுகளும்: கேள்வி பதில்

சிட்னியின் தென்மேற்கு ஓரத்தில் லூகாஸ் ஹைட்ஸ். ஆஸ்திரேலிய மருத்துவமனைகளுக்கு அணுமருந்து தயாராகும் ஆன்ஸ்டோ (அரசின் அணு ஆய்வு நிறுவனம்) வளாகம் அங்கேதான் இருக்கிறது. பழைய ஹைஃபார் உலைக்குப் பதில் அதே இடத்தில் புது உலை என்று 1997இல் அரசு அறிவித்ததும் சதர்லாந்து நகரசபையும் குடியிருப்பாளர்கள் பலரும் எதிர்த்தார்கள். ஆனாலும் ஓபல் என்ற அந்தப் புது உலை 2007இல் திறக்கப்பட்டது. நான் மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு பார்ப்பவன். கேட்பதற்கு முன் ஒரு வேண்டுகோள்: "எத்தனை பெக்கரெல்?" (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று பதறாதீர்கள். எந்த ஐசோடோப் (தனிமத்தின் எந்த வகை), அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய எடுக்கும் நேரம்) எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

செர்னோபில் மாதிரி வெடித்தால் சிட்னி கதி என்ன? (மதுரை வாசகர்)

ஓபல் 20 மெகாவாட் வெப்ப உலை. செர்னோபில் நான்காம் உலை 3,200. இங்கே மின்சாரம் எடுப்பதில்லை, உயர் அழுத்த நீராவியும் கிடையாது. திறந்த தொட்டியில், ஆழமான தண்ணீருக்கு அடியில் உலைக்கரு இருக்கிறது. விபத்தே வராது என்று நான் சொல்லவில்லை. அந்த அளவுக் கணக்கு இங்கே ஒட்டாது, அவ்வளவுதான்.

புகைபோக்கி வழியாக ஏதும் வெளியே வருகிறதா? (உலைக்குப் பக்கத்து ஊரான எங்கேடின் வாசகி)

வருகிறது அம்மா. மறைக்க ஒன்றுமில்லை. யுரேனியத் தகடுகளைக் கரைத்து ஸ்கேன் மருந்துக்கு மூலமான மாலிப்டினம்-99 பிரிக்கும்போது செனான் வாயு கிளம்பும். தேக்கிவைத்துத் தணியவிட்டாலும் கொஞ்சம் வெளியேறத்தான் செய்யும். செனான்-133இன் அரை ஆயுள் ஐந்து நாளுக்குச் சற்று மேல். உடம்பில் ஏறக்குறைய ஒட்டாத வாயு என்பதால் அக்கம்பக்கத்தாருக்கு அது தரும் கதிர்வீச்சு அளவு மிகச் சிறியது. ஆனால் ரகசிய அணுகுண்டுச் சோதனையைக் கண்டுபிடிக்க உலகெங்கும் வைத்திருக்கும் கருவிகளுக்கு இப்படிப்பட்ட மருந்துக்கூடங்கள்தான் தீராத தலைவலி. எங்கோ செனான் தென்பட்டால் அது குண்டா, மருந்தா என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

வெடித்தால் எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

பாலைவனத்தில் கட்டியிருக்கலாமே அண்ணா? (மெல்பர்ன் வாசகர்)

நல்ல கேள்வி தம்பி. "மருந்து சீக்கிரம் அழிந்துவிடும், அதனால் நகரத்தருகே இருக்க வேண்டும்" என்பது வழக்கமான பதில். அது பாதி உண்மை. நாங்கள் நோயாளிக்குப் போடும் டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆனால் ஆலையிலிருந்து எங்களுக்கு வருவது அதன் தாய்: மாலிப்டினம்-99, அரை ஆயுள் 66 மணி. ஈயக் கவசத்துக்குள் ஒரு சின்ன ஜெனரேட்டராக வரும் (மின்சாரம் தருவதல்ல, உள்ளே டெக்னீசியம் ஊறிக்கொண்டிருக்கும்). காலையில் உப்புக்கரைசலை உள்ளே விட்டு டெக்னீசியத்தைக் கறந்துகொள்வோம். ஒரு நாள் தாமதித்தால் இழப்பு சுமார் 22 சதவீதம். வலிக்கும், ஆனால் தாங்கலாம். கனடாவின் சாக் ரிவர் உலை ஒட்டாவாவிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டே பல ஆண்டுகள் உலகத்துக்கு மருந்து அனுப்பியதே! ஆகவே லூகாஸ் ஹைட்ஸிலேயே வைத்ததற்கு அரை ஆயுளை மட்டும் காரணம் காட்டாதீர்கள். ஆய்வகங்களும் ஆட்களும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். வேறு ஊருக்குப் போனால் செலவும் புது எதிர்ப்பும்.

உலைக்குப் பதில் சைக்ளோட்ரான் (துகள்களை முடுக்கி ஐசோடோப் செய்யும் இயந்திரம்) போதாதா?

டெக்னீசியத்துக்கு முடியும், கனடாவில் செய்து காட்டினார்கள். ஆனால் தாய் இல்லாமல் நேராக டெக்னீசியமே கிடைப்பதால் ஊருக்கு ஊர் ஒன்று வேண்டும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் லுட்டீசியம்-177க்கு உலைதான்.

கூடங்குளம் பற்றி?

அது மின் உலை. என் துறை இல்லை.

உலை 1958இல் வந்தது. தெரிந்துதானே வீடு வாங்கினார்கள், இப்போது ஏன் கூச்சல்? (சிட்னியின் இன்னொரு பக்கமான பென்டில் ஹில் வாசகர்)

ஹைஃபார் வந்தபோது சுற்றிலும் காடுதான், ஒப்புக்கொள்கிறேன். 1.6 கிலோமீட்டர் இடைவெளி விட்டார்கள். அதற்கு அப்பால் வீடு கட்ட அனுமதி கொடுத்தது யார்? அரசுதானே?

மழுப்புகிறீர்கள். விலை மலிவு என்று வாங்கியவர்கள்தானே? (அதே வாசகர்)

மழுப்பவில்லை ஐயா. உலையின் பெயர் வீட்டு விலையைப் பாதிக்கிறது என்று 1996இல் ஒரு பகுதிக்கு பார்டன் ரிட்ஜ் என்று பெயரே மாற்றினார்கள். ஆனால் அவர்கள் தெரிந்து வாங்கியது வயதான ஓர் உலையின் பக்கத்தில். 1997இல் எடுத்தது புது முடிவு, இன்னும் பல பத்தாண்டுகளுக்கு. அதில் அவர்களைக் கேட்க வேண்டாமா?

கேட்டால் யார் சரி என்பார்கள்? மருந்து மட்டும் வேண்டுமா?

உங்களுக்கும் எனக்கும் ஸ்கேன் வேண்டும், உலை பென்டில் ஹில்லில் வேண்டாம். அவர்களுக்கும் அப்படித்தான். இதோடு விடுவோம்.

கதிரியக்க அயோடின் சிகிச்சை முடிந்து வந்திருக்கிறேன். குழந்தையைத் தூக்கலாமா?

என்னைக் கேட்காதீர்கள். உங்களுக்குக் கொடுத்த அளவு தெரிந்த அணுமருத்துவப் பிரிவுக்கு இப்போதே போன் போடுங்கள்.

அப்படியானால் உண்மையிலேயே பயப்பட வேண்டியது எது? (எங்கேடின் வாசகி)

உள்ளே வேலை செய்பவருக்கு ஆபத்து கைக்கெட்டும் தூரத்தில். 2017இல் ஓர் ஊழியர் கையிலிருந்து மாலிப்டினக் குப்பி நழுவியது. இரண்டு ஜோடி கையுறை போட்டிருந்தும் கையில் பட்டுக் கொப்புளம் வந்தது. அணு விபத்துகளுக்கான ஏழு படி உள்ள சர்வதேச அளவுகோலில் அது மூன்றாம் படி. ஆனால் வேலிக்கு வெளியே எதுவும் போகவில்லை.

வெளியே இருப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டியது கழிவை. பழைய எரிபொருளை பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். மறுசுத்திகரிப்பில் மிஞ்சியது கண்ணாடியாக உறைந்து 2015இல் திரும்பி வந்தது. எங்கே வைத்தார்கள்? தற்காலிகமாக லூகாஸ் ஹைட்ஸில். தென் ஆஸ்திரேலியாவில் கிம்பா அருகே கொண்டுபோய் வைப்போம் என்றார்கள், இந்த வகைக் கழிவுக்கு அதுவும் தற்காலிகம்தான். பார்ங்கர்லா பழங்குடியினர் வழக்குப் போட, 2023 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அரசும் திட்டத்தைக் கைவிட்டது. "தற்காலிகம்" எந்த ஆண்டுவரை என்பதுதான் நகரசபைக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி. அதை விட்டுவிட்டு எல்லாரும் வெடிப்பையே கேட்கிறீர்கள்.

ஐயா, குண்டு மாதிரி வெடிக்குமா?

வெடிக்காது. எரிபொருளில் எளிதில் பிளவுபடும் யுரேனியம் 20 சதவீதத்துக்குக் கீழே, குண்டுக்கு அது மிக அதிகம் வேண்டும். இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

பார்டன் ரிட்ஜில் வீடு பார்க்கிறோம். வாங்கலாமா?

உலையை விடக் காட்டுத்தீ வரைபடத்தைப் பாருங்கள். 2018 ஏப்ரலில் ஹோல்ஸ்வொர்தி, மெனாய் பக்கம் எரிந்தது நினைவிருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன் காப்புறுதிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.