வாசகர் கேள்வி–பதில்: சூமோ அச்சோவியங்களில் நிற்கும் நான்கு தூண்கள்

கேள்வி: ஜப்பானின் பழைய மரக்கட்டை அச்சோவியங்களில் சூமோ மல்யுத்தக் களத்தின் நான்கு மூலைகளிலும் தூண்கள் நிற்கின்றன. தொலைக்காட்சியில் காணும் இன்றைய போட்டிகளில் அவை இல்லையே! தூண்கள் ஓவியரின் கற்பனையா? இத்தகைய ஓவியங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: கற்பனை அல்ல. களத்தின் கூரையைத் தாங்கிய அந்தத் தூண்கள் 1952 வரை இருந்தன. பார்வையாளர்களுக்கு மறைக்கின்றன என்பதால் அவற்றை அகற்றிவிட்டு, கூரையை மேலிருந்து தொங்கவிட்டு, தூண்கள் நின்ற இடங்களில் பச்சை, சிவப்பு, வெள்ளை, கறுப்பு நிறங்களில் பெரிய குஞ்சங்களைக் கட்டினார்கள். ஓவியங்களில் தூணடியில் உட்கார்ந்திருப்பவர்கள், நடுவரின் தீர்ப்பு ஐயத்துக்கு உள்ளானால் தலையிடும் மூத்தவர்கள்.

களத்தின் அமைப்பைப் பொறுத்தவரை இந்த ஓவியர்களைத் தாராளமாக நம்பலாம் என்பதே என் கருத்து. மல்லர்களின் காலடியைக் கூர்ந்து பாருங்கள்: வைக்கோல் மூட்டைகளால் ஆன வட்டம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இருக்கும். 1931இல்தான் அது 4.55 மீட்டர் விட்டமுள்ள ஒற்றை வட்டமாயிற்று. எடோ நகரின் (இன்றைய டோக்கியோ) ரியோகொக்கு பகுதியிலுள்ள எகோயின் கோயில் வளாகத்தில், திறந்த வெளியில், மழையில்லாத பத்து நாட்கள் நடந்த போட்டிகளை மூன்று தாள்களை இணைத்து வரைந்த ஓவியங்களில் கூட்டம் முழுவதும் ஆண்களாகவே இருப்பதும் உண்மை நிலவரமே. பெண்களுக்கு அனுமதி மெய்ஜி காலத்தில்தான் (1868–1912) கிடைத்தது.

மல்லர்களின் முகத்தில் தனித்த சாயலைக் கொண்டுவந்து இந்த வகைக்கு உயிரூட்டியவர் 1780களில் வரைந்த கட்சுகவா ஷுன்ஷோ. தனிகாசே, ஓனோகாவா ஆகிய மல்லர்களின் புகழ் பரவியதில் அவருடைய ஓவியப் பள்ளிக்குப் பெரும் பங்குண்டு. ஆனாலும் இவை நடிகர் படங்களைப் போலவே கடையில் விற்ற சரக்கு. உடலின் பருமனையும் பிடியின் வேகத்தையும் சற்றுக் கூட்டிக் காட்டுவது வியாபாரத்துக்கு உகந்தது என்பதால், அவற்றைப் புகைப்படமாக எண்ணக் கூடாது. 1794இல் ஓவியர் ஷராக்கு வரைந்த தைதோசான் என்ற பருத்த சிறுவனும் களத்தில் நுழையும் சடங்கை மட்டுமே நிகழ்த்தினான், மல்லுக்கு நிற்கவில்லை.

காலத்தைக் கணிக்க எளிய வழி, நடுவரின் உடை. தோள்பட்டை விறைத்த சாமுராய் மேலாடையும் இடையில் வாளுமாக இருந்தால் பழைய வழக்கம்; உயர்ந்த கறுப்புத் தொப்பி அணிந்திருந்தால் அந்தப் படம் 1910க்கு முற்பட்டதாக இருக்க முடியாது.