சான்று தேவை: காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். காங்கேயம் பக்கத்து ஊர் ஒன்றில் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். போன கோடை விடுமுறையில் தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கி, எங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையில் எழுத ஆரம்பித்தேன். அதில் மூன்று வரிதான் இருந்தது. எங்கள் சிவன் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. "வீரராசேந்திர தேவர்க்கு யாண்டு பதினஞ்சாவது" என்பது வரை என்னால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. அதை வைத்து, முதலாம் இராசேந்திர சோழனின் மகன் வீரராசேந்திரன் காலத்துக் கோயில், 950 ஆண்டுப் பழமை உடையது என்று எழுதினேன். தீரன் சின்னமலை ஓர் இரவு இந்தக் கோயிலில் தங்கினார் என்று எங்கள் அப்பாரு (தாத்தா) சொல்லுவார். அதையும் சேர்த்தேன். மறுநாளே அத்தனையும் போய்விட்டது. "சான்று இல்லை, சொந்த ஆய்வு" என்று ஒற்றை வரிக் காரணம். திரும்பப் போட்டேன், திரும்ப நீக்கினார்கள். நீக்கியவர் எந்த ஊர்க்காரரோ, எங்கள் கோயிலைப் பார்த்திருக்கவே மாட்டார். கல் அங்கேயே இருக்குதுங்க, அதைவிட என்ன சான்று வேண்டும்?

வீட்டில், "சம்பளமா தர்றாங்க? விட்டுட்டு வேற வேலையைப் பாரு" என்கிறார்கள். நீங்கள் பல ஆண்டுகளாக அங்கே வரலாற்றுக் கட்டுரைகளைத் திருத்தி வருவதாக எழுதியிருந்தீர்கள். தொடரலாமா, விட்டுவிடலாமா?

(என் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம்.)

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

தொடருங்கள். விட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலில் அந்தக் கல்லைப் பார்த்துவிடுவோம். உங்கள் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது.

நீங்கள் சொல்லும் வீரராசேந்திர சோழன் 1063இல் பட்டத்துக்கு வந்து 1070இல் இறந்துவிட்டார். ஏழு ஆண்டு ஆண்டவருக்கு "யாண்டு பதினஞ்சாவது", அதாவது பதினைந்தாவது ஆட்சியாண்டு, எப்படி வரும்? நீங்கள் வாசித்த எண் சரி என்றால், அந்தக் கல்லில் இருப்பவர் அவராக இருக்க முடியாது. நம் பக்கத்தில் இன்னொரு வீரராசேந்திரன் உண்டு. கொங்குச் சோழர் மரபைச் சேர்ந்தவர். 1207இல் ஆட்சிக்கு வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆண்டவர். கொங்குக் கோயில்களில் அவருடைய கல்வெட்டுகள் நிறையக் கிடைக்கின்றன. அவருடைய பதினைந்தாவது ஆண்டு என்றால் 1221, 1222 வாக்கில் வரும். அதாவது கல்வெட்டின் வயது 950 ஆண்டு இல்லை, 800 ஆண்டு. கோயிலே அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம். கல்வெட்டின் காலமும் கட்டடத்தின் காலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

பெயரை வைத்து அரசரை முடிவு செய்வதில் கொங்கு நாட்டில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. கொங்குச் சோழர், கொங்குப் பாண்டியர் இரு மரபினரும் தஞ்சை, மதுரை அரசர்களின் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள். விக்கிரம சோழன், குலோத்துங்கன், வீரபாண்டியன், சுந்தரபாண்டியன் எல்லாரும் இங்கேயும் இருக்கிறார்கள். பெயர் மட்டும் கண்ணில் பட்டால் நூறு, நூற்றைம்பது ஆண்டு முன்னே பின்னே போய்விடும். எழுத்தின் வடிவம், மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசரின் புகழுரை), ஆட்சியாண்டு, கல்லில் வரும் நாட்டுப் பிரிவின் பெயர், அதிகாரிகளின் பெயர் எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் கல்வெட்டு அறிஞர்கள் காலத்தைச் சொல்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடம். மேலே நான் போட்ட கணக்கை இந்தப் பதிலில் எழுதலாம். ஆனால் அதை நானும் விக்கிப்பீடியாவில் எழுத முடியாது. நான் அந்தக் கல்லைப் பார்த்ததுகூட இல்லை. பார்த்திருந்தாலும், என் வாசிப்பு சரியா என்று அங்கே யார் சோதிப்பது? கட்டுரையைப் படிக்கும் ஒரு மாணவி யாழ்ப்பாணத்தில் இருப்பாள், கோலாலம்பூரில் இருப்பாள். அவள் உங்கள் ஊருக்குப் பஸ் ஏறி வந்து சுவரைப் பார்க்க முடியாது. அவள் எட்டிப் பிடிக்கக்கூடிய ஒரு நூலின் பெயரும் பக்கமும் அந்த வரிக்குக் கீழே இருக்க வேண்டும். சான்று கேட்டவர் அவளுக்காகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் புதிதாக வந்த ஒருவருக்கு ஒற்றை வரியில் பதில் சொல்லியது சரியில்லை. வழியையும் காட்டியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் நல்ல ஆட்களை அங்கே வரவிடாமல் செய்கிறது. எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

"கல் அங்கேயே இருக்குதுங்க" என்கிறீர்கள். ஈரோடு பக்கம் அரச்சலூர் நாகமலையிலும் கல் அங்கேயேதான் இருந்தது. ஆடு மேய்த்தவர்கள் பல தலைமுறையாகப் பார்த்துத்தான் இருப்பார்கள். 1960களில் புலவர் செ. இராசு அதைக் கண்டு வெளிக்கொண்டு வந்தார். அதன் பிறகுதான் அங்கே கட்டம் கட்டமாக வெட்டியிருப்பவை ஆடலுக்கும் இசைக்கும் உரிய எழுத்துக் கோவைகள் என்றும், எழுத்துகளைச் சேர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்றும் உலகத்துக்குத் தெரிந்தது. ஒருவர் மலை ஏறினார், படியெடுத்தார், மற்ற அறிஞர்கள் பார்த்து விவாதித்தார்கள், நூல்களில் ஏறியது. கலைக்களஞ்சியத்துக்கு அது வந்து சேர்ந்தது கடைசியில். அந்த வரிசை மாறக்கூடாது என்பதே என் கருத்து.

உங்கள் கல்லுக்கும் அதே வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை மாவட்ட வாரியாகக் கல்வெட்டுத் தொகுதிகள் வெளியிட்டிருக்கிறது. காங்கேயம் பழைய ஈரோடு மாவட்டத்தில் இருந்தது, இன்று திருப்பூர். இன்னும் பின்னால் போனால் எல்லாம் கோயம்புத்தூர் மாவட்டம்தான். ஆகவே பழைய தொகுதிகளில் தேடும்போது மூன்று பெயரிலும் தேட வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள், தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் எல்லாம் இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. உங்கள் கோயில் அவற்றில் ஏற்கெனவே இருக்கலாம். இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் உங்களுக்கு இன்னும் நல்லது. தொல்லியல் துறைக்கு எழுதுங்கள், மைப்படி (கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படி) எடுக்கச் சொல்லுங்கள். தமிழகத் தொல்லியல் கழகத்தின் ஆவணம் இதழ் புதிய கல்வெட்டுகளை வெளியிடுகிறது. அதில் வந்துவிட்டால், அந்த இதழைக் காட்டி நீங்கள் எழுதும் வரியைச் சான்று இல்லை என்று யாரும் நீக்க முடியாது. அதுவரை கல்வெட்டின் தெளிவான படத்தை விக்கிமீடியாவின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றி வையுங்கள். தயவுசெய்து யாரும் சுவரைச் சுத்தம் செய்ய மணலைப் பீய்ச்சி அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பணி என்ற பெயரில் எத்தனை எழுத்துகள் அழிந்து போயின என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அடுத்து உங்கள் அப்பாரு சொன்னது. அதை நான் மதிக்கிறேன். சின்னமலை தங்கிய கோயில், ஒளிந்த தோட்டம், குதிரை கட்டிய மரம் என்று காங்கேயம், ஓடாநிலை, சென்னிமலைப் பக்கம் ஊருக்கொரு கதை உண்டு. அவற்றை அப்பாருகளின் குரலிலேயே போனில் பதிவு செய்து வையுங்கள். எந்த ஊர், யார் சொன்னது, எந்த நாள் என்று எழுதி வையுங்கள். அது நாட்டார் வழக்காற்றுக்கு மிகப் பெரிய உதவி. ஆனால் "தங்கினார்" என்று கலைக்களஞ்சியம் சொல்வது வேறு, "தங்கியதாக ஊர் மக்கள் சொல்வதை இன்னார் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்" என்று சொல்வது வேறு. இரண்டாவது வாக்கியத்துக்கு அந்த நூல் வேண்டும். நீங்களே பிறகு ஒரு நாள் அந்த நூலை எழுதலாம்.

சின்னமலை பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அவர் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட நாள் 1805 ஜூலை 31 என்று நூல்கள் சொல்கின்றன. நாம் ஆடிப் பதினெட்டில் நினைவு நாள் கொண்டாடுகிறோம். அது இப்போதெல்லாம் ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வருகிறது. புதிதாக வரும் ஒருவருக்குத் தேதி தப்பு என்று தோன்றும், மாற்றிவிடுவார். உண்மையில் இரண்டும் ஒன்றுதான். நம் மாதக் கணக்கு ஆங்கில நாட்காட்டியை விட்டு ஏறத்தாழ 70 ஆண்டுக்கு ஒரு நாள் நகர்கிறது. இருநூறு ஆண்டில் மூன்று நாள். 1805இல் ஆடிப் பதினெட்டு ஜூலை 31ஆகத்தான் வந்திருக்கும். திருத்துவதற்கு முன்னால் "இது ஏன் இப்படி இருக்கிறது" என்று ஒரு தடவை யோசிப்பவர்தான் நல்ல தொகுப்பாளர். அங்கே நேரத்தில் பெரும்பகுதி இந்த மாதிரி யோசிப்பதில்தான் போகிறது. புதிதாக எழுதுவது குறைவு.

பத்திரிகைச் செய்தியையும் கண்ணை மூடிக்கொண்டு சான்றாகக் காட்டாதீர்கள். காளிங்கராயன் வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். பவானியில் அணை கட்டி, ஈரோடு வழியாகக் கொடுமுடிப் பக்கம் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் போகும் வாய்க்கால். 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது என்பது வழக்கு. அதுவே போதுமான பெருமை. ஆனால் "உலகின் முதல் நதிநீர் இணைப்பு" என்று ஒரு வரி சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த மாதிரி வரிகளை இணையத்திலிருந்து செய்தியாளர் எடுத்து எழுதுவார். அப்புறம் அந்தச் செய்தியையே சான்றாகக் காட்டி ஒருவர் கலைக்களஞ்சியத்தில் சேர்ப்பார். வட்டம் மூடிவிடும், முதலில் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியாது. உலகத்தில் முதல் என்று சொல்ல வேண்டுமானால், உலகத்து நீர்ப்பாசன வரலாற்றை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வாளர் சொல்லியிருக்க வேண்டும்.

நம் பகுதியில் இதைவிடக் கடினமானது சாதி. அண்ணன்மார் கதையை, காணிப் பட்டயங்களை (பழைய நிலவுரிமை ஆவணங்கள்), சின்னமலை வரலாற்றைத் தங்கள் பக்கம் இழுத்து எழுத வருபவர்கள் உண்டு. நடுராத்திரியில் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் ஒட்டிக்கொள்ளும், காலையில் இன்னொருவர் வேறொன்றை ஒட்டுவார். அண்ணன்மார் கதை உடுக்கை அடித்துப் பாடப்படும் நாட்டார் காவியம். 1960களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி அதை ஒலிப்பதிவு செய்தவர் பிரெண்டா பெக் என்னும் மானிடவியலாளர். நாம் செய்ய வேண்டியது, காவியத்தைக் காவியமாக, அதன் பல வடிவங்களோடு, யார் யார் பதிவு செய்தார்கள் என்ற விவரத்தோடு எழுதுவது. அதன் நாயகர்களான பொன்னரும் சங்கரும் எந்த ஆண்டு பிறந்தார்கள் என்று தகவல் பெட்டியில் நிரப்புவது நம் வேலையில்லை. சண்டை வந்தால், கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். கட்டுரையில் மாற்றி மாற்றி மீளமைத்துக்கொண்டே இருந்தால் இரண்டு பேரையும் தடை செய்துவிடுவார்கள். சான்றோடு பேசுபவர் ஒருவர் இருந்தால் பெரும்பாலும் இந்தக் கூச்சல் அடங்கிவிடுகிறது. அந்த ஒருவர் இல்லாத கட்டுரைகள் யார் கைக்கோ போய்விடுகின்றன. உங்களைப் போல வரலாறு படித்து, அந்த மண்ணிலேயே இருப்பவர் விலகிப் போகக்கூடாது என்று நான் கெஞ்சிக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

சம்பளம் பற்றி வீட்டில் கேட்பது நியாயம். இதில் ஒரு பைசா வராது, கட்டுரையின் தலையில் உங்கள் பெயரும் வராது. வீட்டு வேலை, பள்ளி வேலை போக மிஞ்சும் நேரத்தில் செய்தால் போதும். ஆனால் வீட்டாருக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். தமிழின் முதல் நவீனக் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அதை நடத்திய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் தலைவர் திருப்பூர்க்காரரான தி. சு. அவினாசிலிங்கம். முதன்மை ஆசிரியர் பெ. தூரன், மோடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசுக்காரர். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். அவர்கள் வேலை முடிந்த பிறகுதான் 1980களில் கொடுமணலைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் விரிவாகத் தோண்டியது. பதிற்றுப்பத்து பாடிய கொடுமணம் இதுதான் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். இரும்பு உருக்கிய உலைகளும், மணிகள் செய்த இடங்களும், தமிழ் பிராமி கீறிய ஓடுகளும் கிடைத்தன. அச்சாகிவிட்ட தொகுதியில் அதையெல்லாம் சேர்க்க அவர்களுக்கு வழியில்லை. நமக்கு "தொகு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், உங்கள் ஊர்க் கட்டுரையைக் கொஞ்சம் ஆற விடுங்கள். சொந்த ஊரில் கை வைத்தால் மனம் சூடாகிவிடும். இரண்டு வீரராசேந்திரர்களையும் பிரித்துக் காட்டும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கொங்கு ஊர்க் கட்டுரைகளில் அந்தப் பெயர் வரும் இடங்களைத் தேடி, எந்த அரசரைக் குறிக்கிறது, எந்த நூல் சொல்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே பெயருள்ள கட்டுரைகளைப் பிரித்துக் காட்டும் பக்கவழி நெறிப்படுத்தலும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது முடிந்தால் 1946 ஜனவரி 8இல் தூக்கிலிடப்பட்ட, கோயம்புத்தூர் பக்கம் சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர் நால்வரைப் பற்றிப் படியுங்கள். அரசர்களுக்குக் கிடைக்கும் வரிகள் நம் மில் தொழிலாளர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி நூல்கள் இருக்கின்றன, பழைய செய்தித்தாள்கள் இருக்கின்றன, உட்கார்ந்து தேட ஆள்தான் வேண்டும்.

கல்வெட்டின் படத்தை எனக்கும் அனுப்புங்கள். வாசிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டுகிறேன். உங்கள் பயனர் பெயரையும் எழுதினால், வீரராசேந்திரன் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன்.

அன்புடன்.